நொண்டும் குதிரையை நிறுத்துவது யார்? நெடுந்தொலைவுச் சவாரியின் வரலாற்றிலிருந்து

1973-ஆம் ஆண்டின் கோடையில், கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில், ஒரு குதிரை நொண்டியது. ஒரே நாளில் நூறு மைல் கடக்க வேண்டிய டெவிஸ் கோப்பைச் சவாரி அது. அதில் பங்கேற்ற கோர்டி ஐன்ஸ்லி 1971, 1972 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சவாரியை வெற்றிகரமாக முடித்தவர். மூன்றாம் முறை புதிய குதிரையுடன் வந்தார். ராபின்சன் பிளாட் என்னும் சோதனை நிலையத்தில் அதன் கால் சரியில்லை என்று மருத்துவர்கள் கண்டனர்; அவருடைய சவாரி அங்கேயே முடிந்தது. மறு ஆண்டு அவர் குதிரை இல்லாமலேயே தொடக்கக் கோட்டுக்கு வந்து, குதிரைகளோடு சேர்ந்து தாமும் ஓடி, 23 மணி 42 நிமிடத்தில் அதே நூறு மைலைக் கடந்தார். 1972-இல் ஃபோர்ட் ரைலி முகாமின் காலாட்படை வீரர்கள் இருபது பேர் அந்தப் பாதையில் கால்நடையாகப் புறப்பட்டு, அவர்களுள் எழுவர் இரண்டு நாளுக்குள் சென்று சேர்ந்திருந்தனர். ஆயினும் ஒரே பகலிரவுக்குள் ஓடி முடித்தவர் ஐன்ஸ்லியே. 1977-இல் அது முறையான ஓட்டப்போட்டியாயிற்று. உலகெங்கும் இன்று நடைபெறும் நூறு மைல் மலைப்பாதை ஓட்டங்களுக்கு மூலம் அதுவே.

குதிரை திருடப்போய்ப் பிடிபட்டு, கால் வெட்டுண்டு நொண்டியாகும் கள்வனின் கதையை 17, 18-ஆம் நூற்றாண்டுத் தமிழ் நொண்டி நாடகங்கள் சொல்லின. சியரா நெவாடாவில் கதை தலைகீழாயிற்று: குதிரை நொண்டியதால் மனிதன் ஓடலானான்.

ஓட்டக்காரரின் பக்கத்திலிருந்து இந்நிகழ்ச்சி பலமுறை எழுதப்பட்டுவிட்டது. குதிரையின் பக்கத்திலிருந்து பார்த்தால் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. குதிரைக்கு உரியவரும் அல்லாத, சவாரி செய்பவரும் அல்லாத ஒரு மருத்துவர், 'இது இதற்கு மேல் செல்லாது' என்று சொன்னார். சவாரிக்காரர் அதை ஏற்று இறங்கினார். 1973-இல் அது மிக இயல்பான நடைமுறை. எண்பது ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் அப்படிச் சொல்லும் அதிகாரம் எவருக்கும் இருக்கவில்லை.

1892 அக்டோபரில் ஜெர்மன் பேரரசின் படையதிகாரிகளும் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் படையதிகாரிகளும் தமக்குள் ஒரு நெடுஞ்சவாரிப் போட்டி நடத்தினர். ஜெர்மானியர் பெர்லினிலிருந்து வியன்னாவுக்கும், ஆஸ்திரியர் வியன்னாவிலிருந்து பெர்லினுக்கும் சவாரி செய்தனர். தொலைவு ஏறத்தாழ 580 கிலோமீட்டர். பங்கேற்றோர் இருநூறு பேருக்கு மேல். ஒவ்வொருவருக்கும் ஒரே குதிரை, வழியில் மாற்றக்கூடாது. எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் ஓய்வளிப்பது, கால் வீங்கிய குதிரையை மேலும் நடத்துவதா விடுவதா என்பனவெல்லாம் அதிகாரியின் முடிவுக்கே விடப்பட்டன. வென்றவர் ஆஸ்திரியத் தரப்பைச் சேர்ந்த வில்ஹெல்ம் ஷ்டாரெம்பெர்க் பிரபு. எடுத்துக்கொண்ட நேரம் 71 மணிக்குச் சற்று அதிகம். அவருடைய குதிரை அத்தோஸ் வெற்றிக்குப்பின் இறந்தது. ஜெர்மானியருள் முதலிடம் பெற்ற ரைட்ஸன்ஷ்டைன் பிரபுவின் குதிரை லிப்ஷ்பிரிங்கவும் இறந்தது. மொத்தத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குதிரைகள் மடிந்தன. பத்திரிகைகளிலும் விலங்கு நலச் சங்கங்களிலும் கண்டனம் எழுந்தது.

இதை வெறும் கொடுமை என்று ஒதுக்கிவிட்டால் வரலாறு பிடிபடாமல் போகும். அந்த அதிகாரிகள் குதிரையை அறியாதவர் அல்லர், குதிரையோடு வளர்ந்தவர்கள். இறங்கித் தாமே பக்கத்தில் நடப்பது, ஓடைநீரில் கால்களைக் குளிர்விப்பது, தேய்ந்த லாடத்தை வழியிலேயே மாற்றுவது எல்லாம் அவர்களுக்குக் கைவந்த கலை. ஆனால் அவர்கள் பயின்ற படைமரபில் குதிரை என்பது செய்தியையோ வாளையோ குறித்த இடத்துக்குக் கொண்டுசேர்க்கும் கருவி. செய்தி சேர்ந்தபின் குதிரை விழுந்தாலும் பணி முடிந்ததாகவே பொருள். எனவே நொண்டல் என்பது சவாரிக்காரர் தம் திறமையால் கடக்கவேண்டிய ஓர் இடையூறாக இருந்தது. இறுதிக் கோடே குதிரையின் கடமைக்கும் எல்லை. கோட்டைத் தாண்டிய பின் குதிரையின் கதி என்ன என்பது போட்டியின் கேள்வியாகவே இருக்கவில்லை.

மறு ஆண்டே அமெரிக்காவில் வேறொரு காட்சி. 1893 ஜூனில் நெப்ராஸ்காவின் சாட்ரன் ஊரிலிருந்து சிகாகோ வரை ஆயிரம் மைல் அளவுக்கு மாட்டிடையர்களின் குதிரைப்போட்டி ஒன்று நடந்தது. ஒவ்வொருவருக்கும் இரண்டு குதிரைகள்; ஒன்று நொண்டினால் விட்டுவிட்டு மற்றதில் தொடரலாம். அதாவது, நொண்டலுக்கான மாற்றுவழி விதியிலேயே அமைந்திருந்தது. புறப்படுமுன்பே விலங்கு நலச் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. அவற்றின் ஆட்கள் வழிநெடுகக் குதிரைகளைச் சோதித்தனர். போட்டியில் எவ்வகைப் பங்கும் இல்லாத வெளியார் ஒருவர் குதிரையின் காலைத் தூக்கிப் பார்க்கும் உரிமையோடு வழியில் வந்து நின்றது அங்கேதான். அப்படி வந்து நின்றவர்களை மாட்டிடையர்கள் விரும்பியிருக்கமாட்டார்கள் என்பது வேறு.

இந்த வெளியாரின் பார்வை போட்டியின் மதிப்பெண்ணுக்குள் நுழைந்தது முதல் உலகப்போருக்குப்பின். 1919 முதல் சில ஆண்டுகள் அமெரிக்கப் படைக்குக் குதிரை வழங்கும் துறையினரும் குதிரை வளர்ப்போரும் சேர்ந்து, நாளொன்றுக்கு 60 மைல் வீதம் ஐந்து நாளில் 300 மைல் செல்லும் சோதனைச் சவாரிகளை நடத்தினர். நோக்கம் படைக்கு ஏற்ற இனம் எது எனக் காண்பது. அரபுக் குதிரையா, தாரப்ரெட் குதிரையா என்ற வளர்ப்பாளர் சச்சரவும் அதற்குள் இருந்தது. வேகத்துக்கு மட்டும் மதிப்பெண் வழங்காமல், குதிரை எந்த நிலையில் வந்து சேர்கிறது என்பதற்கும் மதிப்பெண் வைத்தார்கள். மூன்றாம் நாள் கால் வீங்கிய குதிரை எவ்வளவு விரைந்து வந்தாலும் தாழ்ந்த இடமே பெறும். நோக்கம் இன்னும் படையினதே. ஆயினும் 'சேர்ந்ததா?' என்ற கேள்வியோடு 'எப்படிச் சேர்ந்தது?' என்ற கேள்வியும் இணைந்துவிட்டது.

டெவிஸ் சவாரி தோன்றியபோது குதிரைப்படைகளின் காலம் முடிந்துவிட்டது. 1955 ஆகஸ்டில் ஆபர்ன் ஊரைச் சேர்ந்த வெண்டல் ராபி என்பவர், இக்காலக் குதிரையும் ஒரே நாளில் நூறு மைல் செல்லும் என்று காட்டுவதற்காக, நண்பர்கள் நால்வருடன் தாஹோ ஏரிக்கரையிலிருந்து ஆபர்ன் வரை சவாரி செய்தார். அது ஆண்டுதோறும் நடக்கும் போட்டியாயிற்று. பாதையின் மொத்த ஏற்றம் ஏறத்தாழ 17,000 அடி; இறக்கம் 22,000 அடி அளவு. இறக்கமே காலுக்கு எமன். கருங்கற்பாறை, அமெரிக்கன் ஆற்றின் ஆழ்ந்த பள்ளத்தாக்குகள், அவற்றின் அடியில் தேங்கும் கோடை வெப்பம். புறப்படும் குதிரைகளில் ஏறத்தாழப் பாதியே முடிக்கின்றன. முடித்தவருக்கு வெள்ளியாலான இடைவார்க் கொக்கி; 24 மணி நேரத்துக்குள் யார் முடித்தாலும் அது உண்டு. 1964 முதல் ஹேகின் கோப்பை என்ற இரண்டாம் பரிசும் சேர்ந்தது. முதலில் வந்தடைந்த பத்துக் குதிரைகளுள் மிகச் சிறந்த உடல்நிலையில் உள்ளதற்கு அது உரியது. அச்சவாரி உலகில் சிலர் டெவிஸ் கோப்பையைவிட ஹேகின் கோப்பையையே பெரிதாக எண்ணுவதுண்டு.

பாதையை மருத்துவச் சோதனை நிலையங்கள் துண்டுகளாக வெட்டின. குதிரை அங்கு வந்ததும் நாடித்துடிப்பு குறிப்பிட்ட அளவுக்கு, பெரும்பாலும் நிமிடத்துக்கு 60 அல்லது 64-க்கு, இறங்கவேண்டும். இறங்கிய பிறகே கட்டாய ஓய்வு நேரம் கணக்கிடப்படும். விரட்டி வந்தவருடைய குதிரையின் நாடி இறங்க நேரமாகும். நிதானமாக வந்தவர் முந்திக்கொள்வார். அவசரத்துக்குப் பயனில்லாமல் செய்யும் எளிய, அழகான ஏற்பாடு இது. ஆனால் நாடி என்பது எண். அதை எவரும் எண்ணலாம். நொண்டலை எண்ணமுடியாது; பார்க்கத்தான் வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? நடையில் குதிரை தன் குறையை மறைத்துவிடும். நாலுகால் பாய்ச்சலில் அசைவுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழப்பும். இரண்டுக்கும் நடுவிலுள்ள துள்ளுநடையில் எதிரெதிர் மூலையிலுள்ள கால்கள் இணையிணையாக ஊன்றும்: ஒன்று-இரண்டு, ஒன்று-இரண்டு. தாளம் இரண்டே என்பதால் ஒரு கால் சற்றே தயங்கினாலும் தெரிந்துவிடும். எனவே சவாரிக்காரரோ உதவியாளரோ குதிரையை கெட்டியான சமதளத்தில், நேர்க்கோட்டில், கையில் கயிற்றைப் பிடித்தபடி ஓடிப் போய் ஓடி வரவேண்டும். நோகும் முன்கால் தரையைத் தொடும்போது குதிரை தலையை மேலே தூக்கும். நலமான கால் ஊன்றும்போது தலை தாழும். பின்காலில் நோவு என்றால் இடுப்பெலும்பின் ஒருபக்கம் மற்றதைவிட அதிகமாக ஏறியிறங்கும். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் தலையசைப்பு மறையும். ஆகவே தளர்த்திப் பிடிக்கச் சொல்வது மருத்துவரின் முதல் கட்டளை. கயிற்றை இறுக்கிப் பிடிப்பவரை அனுபவமுள்ள மருத்துவர் சற்றே ஐயத்துடன்தான் பார்ப்பார்.

அமெரிக்கக் குதிரை மருத்துவர் சங்கத்தின் அளவுகோல் நொண்டலைச் சுழியம் முதல் ஐந்து வரை பிரிக்கிறது. ஒன்று, இரண்டு என்பவை எப்போதும் தோன்றாதவை. குறிப்பிட்ட சூழலில், வளைவிலோ சரிவிலோ, தென்படுபவை. மூன்று என்பது எந்தச் சூழலிலும் துள்ளுநடையில் தொடர்ந்து தெரிவது. நான்கு, நடையிலேயே தெரிவது. ஐந்து, காலை ஊன்றவே இயலாதது. மூன்றாம் படியில் குதிரை போட்டியிலிருந்து நீக்கப்படும் என்பது அமெரிக்கச் சவாரிகளின் பொதுவழக்கம். மூன்றுக்கும் இரண்டுக்கும் இடையிலுள்ள கோடுதான் இந்த விளையாட்டின் மிகவும் சச்சரவுக்குரிய கோடு.

அக்கோட்டைப் பற்றி அறிவியல் சொல்வது ஆறுதலளிப்பதன்று. கெவின் கீகனும் உடனாய்வாளரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், அனுபவமிக்க மருத்துவர்கள் ஒரே குதிரையைப் பார்த்து ஒரே முடிவுக்கு வருகிறார்களா என்று சோதித்தனர். நொண்டல் தெளிவாக இருக்கும்போது ஏறத்தாழ 93 விழுக்காடு ஒருமித்தனர். மெல்லிய நொண்டலில் இது 62 விழுக்காட்டுக்கு இறங்கியது. காசைச் சுண்டிப் பார்த்தாலே பாதி ஒத்துப்போகும் என்பதை நினைத்தால், 62 பெரிய எண் அல்ல. பன்னாட்டுப் போட்டிகளில் ஐயத்துக்கிடமான குதிரையை மூன்று மருத்துவர் பார்த்து, ஒருவர் கருத்தை மற்றவர் அறியாதபடி மறைவாக வாக்களிக்கும் முறை வந்ததற்குக் காரணம் இந்த ஐயப்பாடே. நீதிமன்ற ஆயத்தின் சாயல் அதில் தெரிகிறது.

சோதனை நிலையங்களுக்கு இடையே இருபது மைல் வரை மருத்துவர் இல்லாத பாதை இருக்கலாம். அங்கே குதிரை நொண்டினால் முடிவெடுப்பவர் 1892-இல் போலவே சவாரிக்காரர் ஒருவரே. மாறியிருப்பது அவர் தேடும் விடை. அவர் முதலில் இறங்குகிறார். நான்கு குளம்புகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, கொக்கியால் சுரண்டிப் பார்க்கிறார். லாடத்துக்கும் குளம்பின் நடுவிலுள்ள மெத்தென்ற பகுதிக்கும் இடையே கல் சிக்கியிருந்தால் அதிர்ஷ்டம். எடுத்தெறிந்து நூறு அடி நடத்திப் பார்த்தால் தாளம் திரும்பிவிடும். லாடம் கழன்றிருந்தால் 1970-களில் பரவிய குளம்புறையை மாட்டலாம். அனுபவசாலிகள் சேணப்பையில் ஒன்று வைத்திருப்பர். இவை இரண்டும் இல்லையென்றால் புறங்கையால் கால்களைத் தடவி, எந்தக் கால் மற்றதைவிடச் சூடாக இருக்கிறது என்று பார்க்கவேண்டும். கணுவுக்குப் பின்புறம் நாடி அடித்துக்கொண்டால் குளம்புக்குள் அழற்சி. முழங்காலுக்குக் கீழே பின்புறத் தசைநாண் தடித்துச் சுட்டால் சவாரி முடிந்தது. அதில் ஏறி ஒரு மைல் சென்றாலும் அந்தக் குதிரைக்குப் பல மாத ஓய்வு, சிலவேளை வாழ்நாள் ஓய்வு.

வேறொரு வகை நொண்டலும் உண்டு. காலில் அன்றிப் பின்தொடைத் தசையில் தோன்றுவது. தசை கல்லாக இறுகும், சிறுநீர் கருஞ்சிவப்பாகும். ஞாயிறன்று முழுத்தீனியுடன் ஓய்ந்து திங்களன்று வண்டி இழுத்த குதிரைகளுக்கு வந்ததால் மேலைநாட்டு வண்டிக்காரர்கள் இதைத் திங்கள் காலை நோய் என்றனர். மற்ற நொண்டலில் மெல்ல நடத்திச் செல்லலாம்; இதில் நடத்துவதே ஆபத்து. சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் நிறமி சிறுநீரகத்தைப் பாதிக்கும். இரண்டையும் பிரித்தறியாமல் 'கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடும்' என்று இழுத்துச்சென்றவர்கள் அதற்குக் கொடுத்த விலை பெரிது.

கால்நோவு என்று உறுதியானதும் எஞ்சியிருப்பது நடை. பள்ளத்தாக்கின் அடியில் வண்டி வராது. சவாரிக்காரர் கயிற்றைப் பிடித்து, குதிரையின் வேகத்தில், அடுத்த சாலைவரை நடக்கவேண்டும். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிச் செல்வார்கள். ஓராண்டுப் பயிற்சியும் செலவும் அந்த நடையில் கரையும். ஏறி அமர்ந்தால் நேரத்துக்குள் அடுத்த நிலையத்துக்குச் சென்றுவிடலாம் என்ற எண்ணம் எழாமல் இருக்காது. குதிரையும் அதற்கு உதவவே செய்யும்: கூட்டமாக வாழ்ந்த, வேட்டையாடப்பட்ட விலங்கு அது. பின்தங்குவது ஆபத்து என்பது அதன் உடம்பில் ஊறியிருக்கிறது. முன்னே செல்லும் குதிரைகளைக் கண்டால் வலியை மறைத்துத் தானும் ஓடும். உடல் சூடாக இருக்கும்வரை நோவு தெரியாது. நின்று குளிர்ந்தபின்தான் கால் விறைக்கும். வந்தவுடன் பார்ப்பதோடு நில்லாமல், ஓய்வு முடிந்து புறப்படுமுன்னும் சில போட்டிகளில் மறுபடியும் பார்ப்பது இதனால்தான்.

குதிரை வலியை மறைக்கிறது என்றால் மனிதன் அதை மறைக்க உதவவும் முடியும். 1950-கள் முதல் குதிரை மருத்துவத்தில் பரவிய ஃபினைல்பியூட்டசோன் என்னும் வலிநீக்கி மலிவானது, திறமானது. அதைக் கொடுத்தால் இரண்டாம் படி நொண்டல் காணாமற்போகும். காயம் மட்டும் வளரும். நரம்பை மரக்கச்செய்யும் ஊசியோ இன்னும் கொடியது. கால் உணர்விழந்த குதிரை விரிசல்கண்ட எலும்பின்மேல் முழு எடையையும் ஊன்றும். அமெரிக்கச் சவாரிகளை ஒழுங்குபடுத்த 1972-இல் தோன்றிய அமெரிக்கன் எண்டூரன்ஸ் ரைடு கான்ஃபரன்ஸ், போட்டியின்போது குதிரையின் உடலில் இத்தகைய மருந்து எதுவும் இருக்கக்கூடாது என்ற நிலைப்பாட்டை எடுத்தது. நோவுள்ள குதிரைக்கு மருந்து கொடுப்பது தவறன்று. மருந்து கொடுத்த குதிரையை ஓட்டுவதே தவறு.

குதிரையால் பயன்பெறுபவர் வேறாகவும் அதன் காலைத் தீர்ப்பிடுபவர் வேறாகவும் இருக்கவேண்டும் என்ற கருத்து இங்கே மையத்துக்கு வருகிறது. அப்படிப் பிரியாதபோது நிகழ்வதற்குத் தமிழ் வரலாற்று மாணவர்கள் நன்கறிந்த ஒரு சான்று உண்டு. பாண்டிய நாட்டுக்கு அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்தன. ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை இறந்தன என்று மார்க்கோ போலோ எழுதினார். லாடம் அடிப்போரையும் குதிரை மருத்துவரையும் அந்நாட்டுக்குள் வரவிடாமல் வணிகர்கள் பார்த்துக்கொண்டனர், குதிரைகள் சாகச்சாகத்தான் விற்பனை நடக்கும் என்பது அவர் கூறும் காரணம். இதை அப்படியே ஏற்கவேண்டியதில்லை. சாலிஹோத்திரர், நகுலன் பெயர்களில் வழங்கும் அசுவசாத்திரங்கள் இந்நாட்டில் இருந்தன. அத்தகைய நூலொன்றைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகமும் 1952-இல் பதிப்பித்தது. ஆயினும் மார்க்கோ போலோ கவனித்த கேள்வி கூர்மையானது. குதிரை நலமாக இருப்பதில் யாருக்கு ஆதாயம்? யாருக்கு இழப்பு?

பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 1978-இல் நெடுந்தொலைவுச் சவாரியைத் தன் போட்டிவகைகளுள் ஒன்றாக ஏற்றது. மலைப்பாதையிலிருந்து இவ்விளையாட்டு சமவெளிக்கும் பாலைக்கும் பரவியது. இந்தியாவிலும் இந்தியக் குதிரையேற்றக் கூட்டமைப்பின்கீழ் இத்தகைய போட்டிகள் நடக்கின்றன. வளைகுடா நாடுகளில் பெரும் பரிசுத்தொகைகளும் சமன்படுத்திய மணல்தடங்களும் வந்தன. சில சுற்றுகளில் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டியது. சியரா நெவாடாவில் காலை உடைப்பது நிலம். இங்கே உடைப்பது வேகம். எலும்பு முறிவுகளும் தடைமருந்துப் புகார்களும் பெருகியபின், 2015 மார்ச்சில் அக்கூட்டமைப்பு ஐக்கிய அரபு அமீரகத்தின் தேசியக் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது. சில மாதங்களுக்குப்பின் உடன்பாட்டின்பேரில் தடை விலக்கப்பட்டது. பிழை ஒரு நாட்டின் குணத்தில் இல்லை. விரைவுக்கு மட்டும் பரிசு என்றானதும் 1892-ஆம் ஆண்டின் தர்க்கம் திரும்பி வந்துவிட்டது. அன்று அதற்குப் பின்னால் படைப் பெருமை இருந்தது, இன்று பணம் இருந்தது. அன்றைக்கு இல்லாத மருத்துவர் இன்றைக்கு இருந்தார். ஆனால் அவருடைய கண்ணை ஏமாற்றும் வழிகளும் கூடவே வளர்ந்திருந்தன.

இவ்விடத்தில் சொற்களும் கவனிக்கத்தக்கவை. பன்னாட்டு முடிவுப் பட்டியல்களில் 'நொண்டி' என்ற சொல் வருவதில்லை. 'நடை ஒழுங்கின்மை' என்பதற்கான சுருக்கக்குறி வருகிறது. ஆண்டுதோறும் இப்பட்டியல்களை ஆராய்வோர் காண்பது ஒன்றே: வெப்பம், நீரிழப்பு முதலிய உடற்கேடுகளால் நீக்கப்படும் குதிரைகளைவிட நடைக்குறையால் நீக்கப்படுபவை பன்மடங்கு அதிகம். அமெரிக்க அமைப்பு இன்னும் பழைய சொல்லையே வைத்திருக்கிறது. மருத்துவர் நொண்டலெனக் கண்டு நீக்கினால் 'எல்' என்ற எழுத்து. அதோடு மற்றொரு குறியும் உண்டு: 'ஆர்.ஓ.', அதாவது சவாரிக்காரரின் விருப்பம். மருத்துவர் 'செல்லலாம்' என்று விட்டபின்னும் சவாரிக்காரர் தாமாக நிறுத்திக்கொண்டால் அக்குறி. நொண்டலால் நிறுத்திக்கொண்டால் அதனோடு 'எல்' சேரும்.

இந்த இரண்டாம் குறிக்கு 1892-இல் இடமே இல்லை. அன்று குதிரையை நிறுத்திய அதிகாரி தோற்றவர், அவ்வளவுதான். மருத்துவருக்கு அதிகாரம் வந்தபின், சவாரிக்காரரிடமிருந்து அந்த அதிகாரம் பறிக்கப்பட்டது என்று கருதத் தோன்றும். ஆவணங்கள் வேறுவிதமாகப் பேசுகின்றன. மேலே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நிலை வந்தபிறகுதான், தாமே முதலில் பார்த்து நிறுத்துவது ஒரு மதிப்புள்ள செயலாகப் பதிவேட்டில் இடம்பெற்றது. கூட்டத்தில் எல்லோரும் அதை மதிக்கிறார்கள் என்று சொல்லமுடியாது, முடித்தவருக்குத்தான் கொக்கி.

ஆபர்னில் டெவிஸ் சவாரி முடிவது பெரும்பாலும் நள்ளிரவுக்குப்பின். முழுநிலவை ஒட்டிய நாளில் அதை வைப்பதே இரவில் பாதை தெரியவேண்டும் என்பதற்காக. கோட்டைத் தாண்டியதும் கைத்தட்டல் எழும், சேணம் கழற்றப்படும். ஆனால் முடிவு இன்னும் வரவில்லை. குதிரை குளிர்ந்தபின், விளக்கு வெளிச்சத்தில், இன்னொரு முறை கயிற்றைத் தளர்த்திப் பிடித்து ஓடிக் காட்டவேண்டும். 'இன்னும் செல்லத் தகுதியுடையது' என்று மருத்துவர் ஒப்பினால்தான் நூறு மைல் கணக்கில் சேரும். செல்லவேண்டிய தொலைவு ஏதும் எஞ்சியிராத இடத்தில் கேட்கப்படும் கேள்வி அது. அங்கே தலை ஒருமுறை தவறித் தூக்கப்பட்டுக் கொக்கியை இழந்து நின்றவர்கள் பலர். அத்தோஸை ஷ்டாரெம்பெர்க் பெர்லினில் எவரிடமும் ஓட்டிக்காட்ட வேண்டியிருக்கவில்லை.